சிறு மண்டபம் ஒன்று எமக்கும் வேண்டும்

"ரொக் கச்சேரி" என்ற சொல் எமது வீடுகளில் ஒலித்தாற் போதும். தந்தையின் முகம் இறுகிவிடும், தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பார். மது, போதைப்பொருள், கிழிந்த காற்சட்டை, காதைப் பிளக்கும் சத்தம், நள்ளிரவில் வீடு திரும்பாத பிள்ளை ஆகியவையே அச்சொல்லுடன் சேர்ந்து எமது மனக்கண்ணில் தோன்றுகின்றன. நாட்டையும் வீட்டையும் இழந்து வந்த எமக்கு எஞ்சியிருக்கும் செல்வம் பிள்ளைகளே. அவர்களையும் இந்த இரவுகள் கொண்டுபோய்விடுமோ என்று நாம் அஞ்சுவது இயல்பானதே. அவ்வச்சத்தைப் பல ஆண்டுகளாகச் சுமந்தவர்களுள் நானும் ஒருவன். அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அது ஓரளவு தெளிந்தது. அவ்வாறு தெளிந்தபோது வேறொரு குற்றவுணர்வு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

எனது மகளுக்கு வயது பதினேழு. சிறு வயதில் ஐந்தாண்டுகள் வீணை பயின்றாள். இப்போது அவள் கையில் இருப்பது பேஸ் கிற்றார். எமது ஊர்ப் பிள்ளைகள் மூவரும் மெக்சிக்கோ நாட்டுப் பெற்றோரின் மகன் ஒருவனுமாக நால்வர் சேர்ந்து ஒரு வாகனத் தரிப்பறையில் வாரந்தோறும் வாசித்து வருகிறார்கள். சென்ற பொங்கல் விழாவில் தமக்குப் பத்து நிமிடம் தரவேண்டும் என்று அவர்கள் விழாக் குழுவிடம் கேட்டார்கள். குழு மறுத்தது. "எமது பண்பாட்டுக்கு உகந்ததல்ல" என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அதை எழுதிய கை என்னுடையது. நானும் அக்குழுவில் ஒருவன். மகள் அழவில்லை, வாதிடவும் இல்லை. அன்றிலிருந்து தனது இசையைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பிள்ளை எதிர்த்துப் பேசும்வரை பெற்றோருக்குக் கவலையில்லை. பேசாமல் விடும்போதுதான் அஞ்சவேண்டும் என்பதை அந்த மாதங்களில் அறிந்துகொண்டேன்.

சில வாரங்களுக்கு முன் அவள் இரண்டு நுழைவுச்சீட்டுகளை மேசையில் வைத்தாள். "அப்பா, தனியப் போக விடமாட்டியள் எண்டு தெரியும். அப்ப நீங்களும் வாங்கோ" என்றாள். மறுப்பதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பிறிமொன்ற் நகரிலிருந்து சுமார் நாற்பது மைல் தூரம் கார் ஓட்டி, விரிகுடாப் பாலத்தைக் கடந்து, சான் பிரான்சிஸ்கோவில் பில்மோர் வீதியும் கீரி வீதியும் சந்திக்கும் மூலைக்குச் சென்று சேர்ந்தோம். அங்கு நிற்கிறது "தி பில்மோர்" என்னும் மண்டபம். 1912 இல் நடனக்கூடமாகக் கட்டப்பட்ட மாடிக் கட்டடம் அது. ஆயிரத்துச் சொச்சம் பேர் நிற்கலாம். எமது பெருவிழாக்களுக்கு நாம் வாடகைக்கு எடுக்கும் அரங்குகள் சிலவற்றைவிடச் சிறியது.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். மதுபானம் அருந்தச் சட்டப்படி இருபத்தொரு வயது நிறைந்தவர்களுக்கு மாத்திரம் கையிற் பட்டி கட்டினார்கள். மகளின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. படியேறியதும் ஒருவர் எம்மைப் பார்த்து வரவேற்புக் கூறினார். அவரருகே ஒரு தொட்டி நிறைய அப்பிள் பழங்கள். விலையில்லை, வருவோர் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீரும் பிறகு தேநீரும் கொடுத்துப் பழகிய எனக்கு அந்தத் தொட்டி ஓர் அதிர்ச்சியாக இருந்தது. கேடு கெட்ட இடம் என்று நான் எண்ணியிருந்த இடத்தின் வாசலில் விருந்தோம்பல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் வாசித்தவர்கள் எவரும் அறியாத ஒரு சிறு குழுவினர். மண்டபத்திற் பாதிகூட நிரம்பவில்லை. இரண்டாவது பாடலில் கிற்றார்க்காரரின் கம்பி அறுந்தது. அவர் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். ட்றம்ஸ் வாசித்த பெண் தாளத்தை விடாமல் நகர்த்திக்கொண்டிருக்க, அவர் கம்பியை மாற்றினார். வந்திருந்தோர் கூச்சலிட்டு அவரை ஊக்கப்படுத்தினார்களே தவிர எவரும் எள்ளி நகைக்கவில்லை. பின்னர் முக்கிய குழு மேடையேறியது. மண்டபம் நிறைந்து, கூட்டம் மேடையை நெருக்கியது. என்னருகே ஓர் இளைஞன் கால் இடறி விழுந்தான். நான் குனிவதற்குள் முன்பின் அறியாத நான்கு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. எனது வயதுக்காரர் சிலரும் நின்றார்கள். ஒருவர் கண்களை மூடித் தலையை அசைத்துக்கொண்டிருந்த விதம் எனக்கு நன்கு தெரிந்த ஒன்று.

ஆம், அது எனக்குத் தெரிந்த காட்சியே. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியில், திருவிழா இரவில், தவில் சமா நடக்கும்போது மக்கள் மேளகாரரை நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு சாமம் கடந்தாலும் கூட்டம் கலையாது. 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்க ஊர்விட்டு ஊர் நடந்து சென்றவர்களின் கதைகளை எமது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு இராகம் தெரியாது, கணக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், கலைஞனின் கை ஓடும் தூரத்தில் நிற்கவேண்டும் என்பதே. வியர்வையைக் காணும் தூரத்தில் நின்று கேட்பது ஒரு தனி அனுபவம். திரையிலும் ஒலித்தட்டிலும் அது கிடையாது. பில்மோர் மண்டபத்தில் எனது மகள் நின்ற இடமும் அத்தகையதே.

இடைவேளையில் மாடிச் சுவர்களில் தொங்கிய பழைய சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்போது மகள் ஒரு நிழற்படத்தைச் சுட்டிக்காட்டி, "இவரும் எங்களைப்போல அகதியாய் வந்த ஆள்தான் அப்பா" என்றாள். அந்த மனிதரின் கதையை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

உலகம் அவரை பில் கிரகாம் என்று அறியும். 1931 இல் பேர்ளின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் வேறு. குடும்பப் பெயர் கிரயொன்கா. பிறந்த சில நாட்களில் தந்தை இறந்தார். நாசிகளின் கொடுமை முற்றியபோது, தாய் அவரையும் ஒரு சகோதரியையும் சிறுவர் இல்லமொன்றில் சேர்த்தார். அங்கிருந்து பிள்ளைகள் பிறான்சுக்கு அனுப்பப்பட்டனர். பிறான்சும் வீழ்ந்தது. தெற்கு நோக்கிய நெடும் பயணத்தில் உடன்வந்த சகோதரி நோயுற்று இறந்தாள். சிறுவன் லிஸ்பன் வழியாக 1941 இல், பத்து வயதில், நியூ யோர்க் வந்து சேர்ந்தான். தாய் நாசிகளின் கையில் மாண்டார். பிறொங்ஸ் பகுதியில் வளர்ப்புக் குடும்பமொன்று அவனை ஏற்றது. அவனது யேர்மன் உச்சரிப்பைக் கேட்ட தெருப்பிள்ளைகள், நாசிகளிடமிருந்து தப்பிவந்த அந்தச் சிறுவனையே "நாசி" என்று கேலி செய்தார்கள். எனவே அவன் உச்சரிப்பை மாற்றிக்கொண்டான். பின்னாளில், தொலைபேசி விபரக்கொத்திலிருந்து ஒரு பெயரைத் தெரிந்து தன் பெயரையும் மாற்றிக்கொண்டான். கொரியப் போரில் அமெரிக்கப் படையினனாகச் சென்று காயமுற்றுத் திரும்பினான். உணவு விடுதிகளில் பரிமாறி வயிறு வளர்த்தான்.

பள்ளிக்கூட வாசலில் தமது பெயரைச் சுருக்கிக்கொள்ளும் எமது பிள்ளைகளையும், தஞ்ச விசாரணை அதிகாரியின் முன் ஊரின் பெயரை மூன்று தரம் உச்சரித்துக் காட்டிய எம்மையும் இக்கதையில் நாம் காணாமல் இருக்க முடியாது.

அந்த மனிதர் இந்தப் பில்மோர் மண்டபத்தில் நடத்திய முதலாவது கச்சேரி 1965 டிசம்பரில் நடந்தது. நாடகக் குழுவொன்றின் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டுவதே நோக்கம். அக்காலத்தில் மண்டபத்தின் நடன அனுமதிப் பத்திரம் சார்ள்ஸ் சலிவன் என்ற கறுப்பின வணிகரிடம் இருந்தது. அவர் இடம் கொடாதிருந்தால் பில் கிரகாம் என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். சலிவன் 1966 இல் கொலையுண்டார். மண்டபம் நின்ற பகுதியும் இடப்பெயர்வின் வரலாறு கொண்டதே. அங்கு வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் 1942 இல் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களின் வீடுகளில், போர்க்காலத் தொழில் தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறினர். பின்னர் நகரப் புனரமைப்பு என்ற பெயரில் அவர்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. துரத்தப்பட்டவர்களின் தெருவில், துரத்தப்பட்ட ஒருவர் இசைக்கு இடம் அமைத்தார்.

அவர் அதை எவ்வாறு நடத்தினார் என்பதே எமக்குப் பாடம். இளைஞர்கள் விரும்பியதை மாத்திரம் கொடுத்து அவர் பணம் பண்ணவில்லை. அவர்கள் கேட்டறியாததையும் அதே இரவில் சேர்த்துக் கொடுத்தார். 1967 இல் புளூஸ் மேதை பி. பி. கிங்கை அழைத்தார். அதுவரை பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கே வாசித்துவந்த கிங், வெள்ளை இளைஞர்கள் வாசலில் நிறைந்திருப்பதைக் கண்டு, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஐயுற்றார். அவர் மேடையேறியதும், ஒரு சுரம் வாசிக்கும் முன்பே, மண்டபம் எழுந்து நின்றது. அவர் கண்ணீர் விட்டார். 1970 இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், கிரேற்புல் டெட் குழுவினருடன் அவரது மேடையில் ஒரே நிகழ்ச்சியில் வாசித்தார். மெக்சிக்கோவிலிருந்து வந்த வயலின் கலைஞர் ஒருவரின் மகனான கார்லோஸ் சந்தானா, இவரது அரங்கிலேயே பெயர் பெற்று 1969 இல் வூட்ஸ்டொக் மேடைக்குச் சென்றார்.

பெயரையும் உச்சரிப்பையும் மாற்றிக்கொண்ட அவர் தம் இனத்தை மறந்தாரா? இல்லை. 1975 இல் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் பெரும் யூத விளக்குத்தண்டு ஒன்று நிறுவப்படுவதற்கு அவரே பணம் கொடுத்தார். ஆண்டுதோறும் அங்கு விளக்கேற்றும் வழக்கம் தொடர்கிறது. 1985 இல் அமெரிக்க அதிபர் ரீகன், நாசிப் படையினரும் புதைக்கப்பட்டிருந்த யேர்மனியின் பிற்பூர்க் மயானத்துக்குச் செல்ல முற்பட்டபோது, அவர் பகிரங்கமாக எதிர்த்தார். அவ்வாண்டு மே மாதம் அவரது அலுவலகம் தீவைத்து எரிக்கப்பட்டது. அதன்பின்னும், சுமார் இரு மாதங்களில், எதியோப்பியப் பஞ்சத்துக்காகப் பிலடெல்பியாவில் நடந்த லைவ் எயிட் கச்சேரியை முன்னின்று நடத்தினார். 1991 ஒக்ரோபரில் கச்சேரியொன்றிலிருந்து திரும்பும் வழியில் கெலிகொப்ரர் விபத்தில் இறந்தார். 1989 நிலநடுக்கத்திற் பழுதுற்ற பில்மோர் மண்டபம், திருத்தப்பட்டு 1994 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ரொக் இசை பிள்ளைகளின் வேரை அறுத்துவிடும் என்று நாம் சொல்லும்போது, இந்த மனிதரின் வாழ்வு அதற்கு மறுமொழியாக நிற்கிறது. வேரை அறுப்பது இசையல்ல. வீட்டில் இடம் கிடையாது என்று பிள்ளைக்குத் தோன்றும் நாளிலேயே அது அறுகிறது.

இதனால் ஆபத்தே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பில்மோரின் அந்நாளைய கூட்டங்களில் போதைப்பொருள் தாராளமாக நடமாடியது. அங்கு பாடிய ஜானிஸ் ஜொப்ளினும் அங்கு வாசித்த ஜிமி ஹென்ரிக்சும் 1970 இல், இருவரும் 27 வயதில், மாண்டார்கள். காதுக்கும் தீங்குண்டு. 100 டெசிபல் ஒலியைப் பாதுகாப்பின்றிக் கேட்கத்தக்க நேரம் நாளொன்றுக்குக் கால்மணி மாத்திரமே என்று அமெரிக்கத் தொழில் நலத்துறையினர் வகுத்திருக்கிறார்கள். ரொக் கச்சேரி ஒன்று அந்த அளவை எளிதில் தாண்டும். எனது மகள் சட்டைப்பையிலிருந்து இரண்டு சோடி காதடைப்பான்களை எடுத்து, ஒன்றை எனக்குத் தந்தாள். அதுவரை அவளுக்கு நானே புத்தி சொல்லவேண்டும் என்று எண்ணியிருந்தேன். கட்டடமும் முக்கியம். 2016 டிசம்பரில் ஓக்லண்ட் நகரில், கச்சேரிக்கு உரிய அனுமதியற்ற பண்டகசாலையொன்றில் நிகழ்ந்த தீவிபத்தில் 36 பேர் மாண்டனர். எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழிகளை முதலிற் பார் என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டியது எமது கடமை. ஆனால் முறையான இடம் இல்லாதபோதே இளையோர் முறையற்ற இடங்களைத் தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சிந்திக்கவேண்டும். தடை ஆபத்தை நீக்குவதில்லை. எமது கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அதைக் கொண்டுபோகிறது.

இனி எமது மண்டபங்களுக்கு வருவோம். நட்சத்திர இரவு என்றால் சென்னையிலிருந்து திரைப்படப் பாடகர்களை அழைக்கப் பல்லாயிரம் டொலர் திரட்டுகிறோம். அரங்கேற்றம் என்றால் ஒரு திருமணச் செலவு செய்கிறோம். இரண்டையும் நான் குறை கூறவில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில் எதுவுமில்லை. ஒன்றில் பிள்ளை பார்வையாளராக அமரவேண்டும். மற்றதில் பிழையின்றி ஆடவேண்டும், பாடவேண்டும். நூறு பேர் முன்னிலையில் கம்பி அறுந்து, சிரித்து, மாற்றிக்கொண்டு, மீண்டும் வாசிப்பதற்கு ஓரிடம் எமது சமூகத்தில் கிடையாது.

புதியது எமக்கு ஒவ்வாது என்பதும் உண்மையல்ல. எமது மண்ணிலேயே நித்தி கனகரத்தினம் போன்றோர் கிற்றாரை எடுத்துத் தமிழ்ப் பொப் இசையைத் தொடங்கினார்கள். முகம் சுழித்தவர்களின் பிள்ளைகளே அப்பாடல்களை மனனம் செய்து பாடினார்கள். இன்று எமது ஒன்றுகூடல்களில் அவை ஒலிக்கும்போது, அதே முகம் சுழித்த தலைமுறை கைதட்டுகிறது. அடுத்து, எம். ஐ. ஏ. என்று உலகறிந்த மாயா அருட்பிரகாசத்தை எண்ணிப் பாருங்கள். 1975 இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, 1986 இல் அகதியாக இலண்டனுக்குத் திரும்பியவர். தமது முதற்பாடல்களை ரோலண்ட் எம்சி-505 என்ற சிறு கருவியொன்றைக்கொண்டு அமைத்தார். 2005 இல் வெளிவந்த முதலாவது இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையும், 2007 இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் இட்டார். 2009 இல் ஒஸ்கார் பரிந்துரையும் கிறமி பரிந்துரையும் அவரைத் தேடி வந்தன. அப்போது "எங்கள் பிள்ளை" என்று நாமெல்லோரும் சொன்னோம். பிறர் மேடை கொடுத்த பின் உரிமை கொண்டாடுவது எளிது. மேடை கொடுத்துவிட்டு உரிமை கொண்டாடுவதே முறை.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறேன். அதற்கு முன்மாதிரியும் இவ்விரிகுடாப் பகுதியிலேயே இருக்கிறது. பேர்க்லி நகரின் கில்மன் வீதியில் 924 ஆம் இலக்கத்தில் 1986 இன் கடைசி இரவில் ஒரு சிறு கூடம் திறக்கப்பட்டது. இலாப நோக்கமற்றது, தொண்டர்களே நடத்துகிறார்கள். எந்த வயதினரும் வரலாம். மது இல்லை, போதைப்பொருள் இல்லை, வன்முறைக்கும் இனத்துவேசத்துக்கும் இடமில்லை என்பது சுவரில் எழுதப்பட்ட சட்டம். வாசலில் சீட்டுக் கொடுப்பதும் கச்சேரி முடிந்து நிலத்தைக் கூட்டுவதும் இளையோரே. உலகப் புகழ்பெற்ற கிறீன் டே குழுவினர் பதின்ம வயதில் அங்கேதான் வாசித்துப் பழகினார்கள். எமது பெற்றோர்கள் கேட்கும் ஒழுங்குகள் யாவற்றையும், அதாவது மதுவின்மை, மரியாதை, கட்டுப்பாடு ஆகியவற்றை, ரொக் இளைஞர்கள் தாமே வகுத்துக்கொண்டு பல தசாப்தங்களாகக் காத்து வருகிறார்கள்.

நியூ ஜேர்சியிலும் ரெக்சாசிலும் இங்கும் எமது சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் மண்டபங்கள் உண்டு. இல்லாத ஊர்களில் பாடசாலை மண்டபத்தை ஒரு மாலைக்கு வாடகைக்குப் பெறலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை இளையோருக்கு விட்டுவிடுவோம். நுழைவுக் கட்டணம் ஐந்து டொலர் போதும். மிருதங்கமோ கிற்றாரோ, பறையோ கணினி இசையோ, எதை வாசிப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். ஒரே மாலையில் ஒரு வீணையும் ஒரு ரொக் குழுவும் அடுத்தடுத்து ஒலிக்கட்டும். பெரியவர்கள் பின்வரிசையில் நின்று கேட்கட்டும். மொழி தமிழாக இருக்கவேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை விதிக்கவேண்டாம். தம்மைக் கேட்கும் சபை தமிழ்ச் சபை என்றால், அதனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லப் பிள்ளைகள் மொழியைத் தாமே தேடி வருவார்கள். வாசலில் பழத்தொட்டியொன்றை வைப்பதற்கு எமக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை.

கச்சேரி முடிந்து வெளியேறியபோது, சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்த இரவு என்பதால், வந்தவர்களுக்கெல்லாம் அன்றைய நிகழ்ச்சியின் சுவரொட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். அம்மண்டபத்தின் பழைய வழக்கம் அது. மகள் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் ஏறியபோது, "எப்படி அப்பா இருந்தது?" என்று கேட்டாள். "முதல் வாசிச்ச பிள்ளையளைத்தான் எனக்குப் பிடிச்சது. கம்பி அறுந்தும் நிப்பாட்டேல்லை" என்றேன். அதன் பின் வீடு வந்து சேரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். பொங்கலிலிருந்து பேசாமல் விட்டதையெல்லாம் பேசினாள்.

அடுத்த மாதம் எமது குழு கூடுகிறது. குறிப்பேட்டில் எழுதப்பட்ட அந்த வரியை வெட்டிவிட வேண்டும் என்று நான் பிரேரிக்கப்போகிறேன். எழுதிய கையே வெட்டுவதுதான் முறை. வழிமொழிய ஒருவர் வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படியொரு குறிப்பேடு இருக்குமானால், அதை ஒருமுறை திறந்து பார்க்குமாறு வாசகர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.